ஒரு தரம், இரண்டு தரம்: குயில்ட் ஏலமும் குழந்தைகளின் புற்றுநோயும்



அமெரிக்காவில் ஒரு பெரிய கட்டிலுக்குப் போதுமான குயில்ட் தைக்க மேல்பக்கத்துக்கு ஒன்பது, பத்து கஜம் பருத்தித் துணி வேண்டும். அடிப்பக்கத்துக்கும் ஏறத்தாழ அதே அளவு. நடுவில் வைக்கப் பஞ்சு விரிப்பு. நல்ல துணி கஜம் பன்னிரண்டு, பதினான்கு டாலருக்கு விற்கிறது. ஆக, ஊசியில் நூல் கோக்கும் முன்பே 250, 300 டாலர் கையைவிட்டுப் போய்விடும். அதற்கப்புறம்தான் வேலை. துண்டுகளை வெட்டி, இணைத்து, மூன்று அடுக்கையும் சட்டத்தில் இழுத்துக் கட்டி, கையாலேயே ஓட்டுத் தையல் போட்டு முடிக்க 300 மணி நேரம் பிடிப்பது சாதாரணம். அந்நாட்டு மத்திய அரசு நிர்ணயித்திருக்கும் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர், 2009-இலிருந்து அது நகரவே இல்லை. அந்த அடிமட்டக் கூலியைப் போட்டால்கூட 2,175 டாலர் ஆகிறது. துணிச் செலவைக் கூட்டினால் 2,400-ஐத் தாண்டிவிடும்.

இந்தக் குயில்ட், குழந்தைப் பருவப் புற்றுநோய்க்கு நிதி திரட்டும் ஏலம் ஒன்றில் மேடையேறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வேலைப்பாட்டில் அசத்தும் ஒன்றிரண்டு பல ஆயிரம் டாலருக்குப் போகும். மற்றவை முன்னூறு, நானூறில் தொடங்கி ஆயிரத்தைத் தொட்டும் தொடாமலும் நின்றுவிடும். தொள்ளாயிரம் டாலருக்கு எடுத்தவரைப் பார்த்து அரங்கமே கைதட்டும். நல்ல மனிதர், குழந்தைகளுக்காகக் கொடுத்தார் என்பார்கள். கொடுத்தார்தான். ஆனால் அன்றைக்கு அதிகம் கொடுத்தவர் அவரில்லை. குளிர்காலம் முழுக்க ஊசியும் கையுமாக உட்கார்ந்திருந்த பெண்மணி அவரைவிட இரண்டு பங்குக்கு மேல் கொடுத்திருக்கிறார். ரசீதில் அவர் பெயர் வராது.

இந்த மாலையின் பேச்சு அந்தப் பெண்மணியின் கணக்கைப் பற்றியது.

குயில்ட் என்பது மூன்று அடுக்குப் போர்வை. மேலே துண்டுத் துணிகளை இணைத்த சித்திரம், நடுவே பஞ்சு, அடியில் ஒரே துணி. மூன்றையும் சேர்த்துப் பிடித்து ஓடுகிற சின்னஞ்சிறு தையல்தான் அதன் உயிர். வங்காளத்தின் காந்தா, வடகர்நாடகத்தின் கௌதி எல்லாம் இதற்கு உறவுக்காரர்கள். தேர்ந்த கைக்காரி ஓர் அங்குலத்துக்குள் பத்துத் தையல் போடுவாள். ஏலத்துக்கு முந்தின நாள் பார்வைக்கு வைக்கும்போது, விஷயம் தெரிந்தவர்கள் மேல்பக்க வண்ணத்தில் மயங்குவதில்லை. மூலையைத் திருப்பி அடிப்பக்கம் பார்ப்பார்கள். மேலே தெரிகிற சீர் அடியிலும் இருக்கிறதா, முடிச்சு வெளியே துருத்துகிறதா என்று பார்ப்பார்கள். கையழுக்குப் படக்கூடாது என்பதற்காக வெள்ளைக் கையுறை போட்ட தொண்டர்கள்தான் மூலையைத் திருப்பிக் காட்டுவார்கள். கேட்டலாகில் வரிசை எண், அளவு, வடிவத்தின் பெயர், கைத்தையலா இயந்திரத் தையலா என்ற விவரம் எல்லாம் இருக்கும். ‘லாக் கேபின்’, ‘டபுள் வெட்டிங் ரிங்’, ‘லோன் ஸ்டார்’ என்று ஒவ்வொரு வடிவத்துக்கும் ஒரு பெயர் உண்டு.

ஏலம் நடக்கும் விதத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் நியூ ஹாம்பர்க் என்ற சிற்றூர். அங்கே 1967 முதல் மெனோனைட் கிறிஸ்தவர்கள் மே மாதக் கடைசியில் நிவாரண நிதி ஏலம் நடத்துகிறார்கள். அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்தின் ஹட்சின்சனிலும் பென்சில்வேனியாவிலும் இதே மரபு உண்டு. இவர்கள் திரட்டும் பணம் உலக நிவாரணத்துக்குப் போவது. ஆனால் குயில்ட் ஏலம் என்ற கலையைப் பழக்கியவர்கள் இவர்கள்தாம். புற்றுநோய் அறக்கட்டளைகளுக்காக நடக்கும் ஏலங்களும் பெரும்பாலும் இவர்கள் போட்ட பாதையில்தான் நடக்கின்றன.

குயில்ட்டை உயரே தூக்கி விரித்துப் பிடிப்பார்கள். ஏலம் விடுபவர் மூச்சுவிடாமல் தொகையைப் பாட்டுப்போல அடுக்குவார். கூட்டத்துக்குள் நிற்கும் உதவியாளர்கள், யாராவது எண் அட்டையை அசைத்ததும் ‘யெப்!’ என்று குரல் கொடுப்பார்கள். முதலில் இருபத்தைந்து இருபத்தைந்தாக ஏறும். பிறகு ஐம்பது, அப்புறம் நூறு. ஒரு குயில்ட்டுக்கு ஒன்றிரண்டு நிமிடந்தான். ஆறு மாத வேலைக்கு இரண்டு நிமிடத் தீர்ப்பு. நம் ஊரில் ‘ஒரு தரம், ரெண்டு தரம்’ என்று இழுத்து நிறுத்தி யோசிக்க விடுவதுபோல இங்கே விடமாட்டார்கள். யோசிக்க விட்டால் கை இறங்கிவிடும் என்று அவர்களுக்குத் தெரியும்.

விலையை நிர்ணயிப்பது வேலைப்பாடு மட்டுமில்லை. ஏலத்துக்குக் குறைந்தது இரண்டு பேர் வேண்டும். ஒருவருக்கு மட்டும் பிடித்த குயில்ட் எவ்வளவு அழகாக இருந்தாலும் தொடங்கிய இடத்திலேயே விழுந்துவிடும். நீலமும் வெள்ளையும் சேர்ந்தது விலைபோகும், மண்ணிறம் தடுமாறும். முதல் நாலைந்து உருப்படிகள் கூட்டம் சூடேறும் முன்பே போய்விடும். சாப்பாட்டு வேளைக்குப் பிறகு நாற்காலிகள் காலியாகும். அதனால் விவரமான அமைப்பாளர்கள் நல்ல சரக்கை நடுக்காலைக்கு வைத்துக்கொள்வார்கள். இதெல்லாம் தைத்தவரின் கையில் இல்லாத விஷயங்கள்.

ஏலம் எடுத்தவர் சில நேரம் குயில்ட்டை வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை. பணத்தைக் கட்டிவிட்டு, மறுபடியும் விடுங்கள் என்று மேடைக்கே திருப்பிக் கொடுப்பார். திருநெல்வேலிப் பக்கத்துத் தேவாலயங்களில் அறுப்பின் பண்டிகை ஏலத்தைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. காணிக்கையாக வந்த ஒரு பூசணிக்காய், ஒரு சேவல், சந்தை விலையைப்போல் பல மடங்குக்குப் போகும். எடுத்தவரே திருப்பிக் கொடுக்க, மறுபடி ஏலத்துக்கு வரும். அங்கே யாரும் பூசணிக்காய்க்கு விலை கேட்பதில்லை.

அமெரிக்காவில் இந்தத் திருப்பிக் கொடுக்கும் பழக்கத்துக்கு வயது அதிகம். 1862-இல், உள்நாட்டுப் போரின்போது, அலபாமாவைச் சேர்ந்த மார்த்தா ஜேன் ஹேட்டர் பூப்போட்ட துணியிலிருந்து மலர்களையும் கனிகளையும் வெட்டி ஒட்டித் தைத்த குயில்ட்டுகள் ஏலத்துக்கு வந்தன. தென்மாநிலக் கூட்டமைப்புக்குப் போர்ப்படகு வாங்குவது நோக்கம். எடுத்தவர்கள் திருப்பிக் கொடுக்க, மீண்டும் மீண்டும் விடப்பட்டு ஒரே குயில்ட் பலமுறை சம்பாதித்தது. இதற்கு நேர் எதிர்த் தரப்பிலும் ஊசி வேலை செய்திருக்கிறது. 1836-இல் பாஸ்டனில் அடிமை முறை எதிர்ப்பாளர்கள் நடத்திய சந்தையில், எழுத்தாளர் லிடியா மரியா சைல்ட் நட்சத்திரங்கள் கோத்த ஒரு தொட்டில் குயில்ட்டை விற்பனைக்குக் கொடுத்தார். அடிமைத் தாயிடமிருந்து பிரிக்கப்படும் குழந்தையை நினைக்கச் சொல்லும் வரிகள் அதன் நடுவே மையால் எழுதப்பட்டிருக்கின்றன. அடிமை முறையை ஒழிக்க நினைத்தவர்களும் குயில்ட் விற்றார்கள், காப்பாற்ற நினைத்தவர்களும் விற்றார்கள். நல்ல காரியம் என்று ஒன்றைத் தீர்மானிக்கிற இடத்தில் அந்தப் பெண்களுக்கு ஓட்டுரிமை கிடையாது. காசு திரட்டுகிற இடத்தில் மட்டும் அவர்கள் தேவைப்பட்டார்கள்.

1917-இல் இன்னொரு உபாயம் வந்தது. ‘மாடர்ன் பிரிசில்லா’ என்ற பெண்கள் பத்திரிகை அந்த டிசம்பர் இதழில், செஞ்சிலுவைச் சங்கத்துக்காக ஒரே குயில்ட்டைக் கொண்டு 1,000 டாலர் திரட்டும் திட்டத்தை வெளியிட்டது. சிவப்புச் சிலுவைகள் தைத்த குயில்ட்டில் ஊர்க்காரர்கள் பணம் கட்டித் தங்கள் பெயரை எழுதிக்கொள்ளலாம். இடத்துக்கேற்பக் கட்டணம். பெயர்கள் நிரம்பிய பிறகு முழுக் குயில்ட்டையும் ஏலத்தில் விட்டோ குலுக்கலில் வைத்தோ இரண்டாவது முறையும் பணம் பார்க்கலாம். கெட்டிக்காரத்தனம்தான். ஏலத்துக்கு வர வசதியில்லாத ஏழையும் சில்லறை கொடுத்துத் துணியில் இடம்பிடிக்க முடிந்தது.

இனிக் குழந்தைகளின் புற்றுநோய்க்கு வருவோம். அதன் சிகிச்சையே சில்லறைக் காசில் தொடங்கிய கதை.

1947-இன் கடைசி நாட்களில் பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையின் நோய்க்கூற்றியல் மருத்துவர் சிட்னி ஃபார்பர், ரத்தப் புற்றுநோயால் செத்துக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு அமினோப்டெரின் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். அதுவரை அந்த நோய் வந்தால் வாரக்கணக்கு, மிஞ்சினால் மாதக்கணக்கு. 1948 ஜூனில் வெளியான கட்டுரையில் 16 குழந்தைகளின் விவரம் இருந்தது; அவர்களில் 10 பேருக்கு நோய் தற்காலிகமாக அடங்கியிருந்தது. அந்த மருந்தை உருவாக்கிக் கொடுத்தது லெடர்லே நிறுவனத்தின் ஆய்வுக்கூடம். அதை வழிநடத்தியவர் எல்லாப்ரகட சுப்பாராவ். பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். காந்தியின் பேச்சைக் கேட்டுக் கதர் உடுத்தியதால் ஆங்கிலேயப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, முழுப் பட்டம் கிடைக்காமல் எல்.எம்.எஸ். சான்றிதழோடு வெளியேறியவர். அவர் அமெரிக்காவுக்குக் கப்பலேறியதே காக்கிநாடாவின் சத்தியலிங்க நாயக்கர் அறக்கட்டளையின் ஆதரவும் மாமனாரின் உதவியும் இருந்ததால்தான். போய்ச் சேர்ந்த புதிதில் மருத்துவமனையில் எடுபிடி வேலை பார்த்து வயிறு கழுவினார். 1948 ஆகஸ்டில், ஃபார்பரின் கட்டுரை வந்த இரண்டே மாதத்தில், அவர் இறந்துபோனார். பாஸ்டனின் அந்தப் பிள்ளைகளுக்குக் கிடைத்த சில மாத ஆயுளில் ஒரு காக்கிநாடா அறக்கட்டளையின் காசும் கலந்திருக்கிறது. இது நம் பக்கத்தில் அதிகம் பேசப்படாத விஷயம்.

ஃபார்பருக்கு மருந்து கிடைத்தது. பணம் போதவில்லை. 1948 மே 22 இரவு வானொலி நிகழ்ச்சி ஒன்று அதை மாற்றியது. மருத்துவமனைக் கட்டிலில் கிடந்த பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவனோடு நிகழ்ச்சித் தொகுப்பாளர் பேசுகிறார். பையனுக்குப் பிடித்த பேஸ்பால் அணியான பாஸ்டன் பிரேவ்ஸின் ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராக அவன் அறைக்குள் நுழைகிறார்கள். அடையாளம் தெரியக்கூடாது என்று அவனுக்கு ‘ஜிம்மி’ என்று பெயர் வைத்திருந்தார்கள். ஜிம்மி ஆட்டம் பார்க்க ஒரு தொலைக்காட்சிப் பெட்டி வேண்டும், காசு அனுப்புங்கள் என்றார்கள். 2,31,000 டாலருக்கு மேல் வந்து குவிந்தது. ஜிம்மி நிதியம் அப்படிப் பிறந்தது. அந்தப் பையன் இறந்திருப்பான் என்றே அரை நூற்றாண்டு எல்லோரும் நினைத்தார்கள். அவன் மெய்ன் மாநிலத்தில் லாரி ஓட்டிக்கொண்டு, பேரன் பேத்தி எடுத்து, சௌக்கியமாக இருந்தான். ஐனார் குஸ்தாஃப்ஸன்தான் ஜிம்மி என்பது 1998-இல் வெளியே வந்தது.

அதன்பிறகு ஒவ்வொன்றும் இதே தடத்தில் வந்ததுதான். நகைச்சுவை நடிகர் டேனி தாமஸ் நேர்ந்துகொண்டு மெம்பிஸ் நகரில் செயின்ட் ஜூட் மருத்துவமனையை 1962-இல் திறந்தார். அங்கே எந்தக் குடும்பத்துக்கும் சிகிச்சைக்குப் பில் போடுவதில்லை. திறந்த காலத்தில் குழந்தைகளின் மிகச் சாதாரண ரத்தப் புற்றுநோயில் நூற்றுக்கு 4 பேர் பிழைத்தார்கள். இன்று 94 என்கிறது அந்த மருத்துவமனை. 1974-இல் ஃபிலடெல்ஃபியாவில் முதல் ரொனால்ட் மெக்டொனால்ட் இல்லம் திறந்தது. அமெரிக்கக் கால்பந்து வீரர் ஃபிரெட் ஹில்லின் மகளுக்கு ரத்தப் புற்றுநோய். மருத்துவமனைத் தாழ்வாரத்தில் சுருண்டு படுக்கும் பெற்றோருக்கு ஓர் அறை வேண்டும் என்று மருத்துவர் ஆட்ரி இவான்ஸ் சொல்லிக்கொண்டிருந்தார். வீரரின் அணியினர் பணம் திரட்டினார்கள். 2000-இல் அலெக்ஸ் ஸ்காட் என்ற நான்கு வயதுச் சிறுமி, தனக்கே நியூரோபிளாஸ்டோமா என்ற நரம்புப் புற்றுநோய் இருக்கும்போது, வாசலில் எலுமிச்சைச் சாறு விற்கத் தொடங்கினாள். 2004-இல் எட்டு வயதில் இறப்பதற்குள் அவள் பெயரில் பத்து லட்சம் டாலர் சேர்ந்தது.

எலுமிச்சைச் சாறு, பேஸ்பால், குயில்ட். இப்படிப்பட்ட காசு இந்த நோய்க்கு ஏன் இவ்வளவு தேவைப்படுகிறது? காரணம் எண்ணிக்கை. அமெரிக்காவில் ஆண்டுக்குச் சுமார் 20 லட்சம் பேருக்குப் புதிதாகப் புற்றுநோய் கண்டறியப்படுகிறது. அதில் இருபது வயதுக்குட்பட்டவர்கள் சுமார் 15,000. அந்தப் பதினைந்தாயிரமும் ஒரே நோயில்லை. பல வகைகளாகச் சிதறிக் கிடக்கிறது. சில வகைகளுக்கு நாடு முழுவதும் சில நூறு பிள்ளைகள்தான். மருந்துக் கம்பெனியின் கணக்குப்பிள்ளைக்கு இது சந்தையே அல்ல. அதிக ஆபத்துள்ள நியூரோபிளாஸ்டோமாவுக்கென்றே உருவான முதல் மருந்தான டினுடக்சிமாப் 2015-இல்தான் அமெரிக்க அனுமதி பெற்றது. பெரிய அரசு மானியத்துக்கு விண்ணப்பிக்கவே முன்கூட்டிய ஆய்வு முடிவுகள் வேண்டும். அந்த முதல் கட்ட ஆய்வுக்குக் காசு கொடுப்பவை இம்மாதிரி அறக்கட்டளைகள்.

ஆய்வு ஒரு பக்கம். வீட்டுக்கணக்கு இன்னொரு பக்கம். சாதாரண ரத்தப் புற்றுநோய்க்கே இரண்டு ஆண்டுக்கு மேல் சிகிச்சை நீளும். அம்மாவோ அப்பாவோ வேலையை விட வேண்டிவரும். பெட்ரோல், வண்டி நிறுத்தக் கட்டணம், வீட்டில் இருக்கிற மற்ற பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் என்று காப்பீடு தொடாத செலவுகள் வரிசைகட்டி நிற்கும். ஓர் ஊர்க் குயில்ட் ஏலம் தரும் சில ஆயிரம் டாலர் மருந்து கண்டுபிடிக்கப் போதாது. ஆனால் ஒரு குடும்பத்தின் ஆறு மாத வீட்டு வாடகைக்குப் போதும். சின்ன ஏலம் நடத்துகிறவர்கள் சின்ன உள்ளூர் அமைப்புக்குக் கொடுப்பதே உத்தமம். பெரிய பெயருக்கு அனுப்பிப் பெருமைப்படுவதைவிட அந்தக் காசு கண்ணுக்குத் தெரிய வேலை செய்யும்.

பெரிய அளவில் இது எப்படி நடக்கும் என்பதற்குப் புற்றுநோய்க்கு வெளியே இரண்டு நல்ல உதாரணங்கள் இருக்கின்றன.

பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் வட்டாரத்தில் ஆமிஷ் கிறிஸ்தவர்களும் மெனோனைட்டுகளும் வாழ்கிறார்கள். ஆமிஷ்களில் பெரும்பாலோர் மருத்துவக் காப்பீடு எடுப்பதில்லை; வைத்தியச் செலவைச் சபையார் கூடிச் சமாளிப்பார்கள். சில அபூர்வ மரபணு நோய்கள் இவ்விரு சமூகத்துப் பிள்ளைகளிடமும் அதிகம். ‘மேப்பிள் சிரப்’ நோய் என்று ஒன்று. குழந்தையின் சிறுநீர் பாகு மணக்கும், கவனிக்காவிட்டால் மூளை கெடும். ஹோம்ஸ் மார்ட்டன் என்ற குழந்தை மருத்துவர் 1989-இல் அவர்களுக்காக ‘கிளினிக் ஃபார் ஸ்பெஷல் சில்ட்ரன்’ என்ற மருத்துவ நிலையத்தைத் தொடங்கினார். ஆமிஷ், மெனோனைட் ஆண்கள் கூடி, களஞ்சியம் எழுப்புவதுபோல மரச்சட்டம் கோத்து அதற்குக் கட்டடம் எழுப்பிக் கொடுத்தார்கள். பெண்கள் குயில்ட் தைத்தார்கள். இன்றுவரை அந்த நிலையத்தின் வரவில் கணிசமான பங்கு ஆண்டுதோறும் நடக்கும் ஏலங்களிலிருந்து வருகிறது. குயில்ட், மரச்சாமான், குதிரைவண்டி, கோழி வறுவல் எல்லாம் அங்கே ஏலத்துக்கும் விற்பனைக்கும் வரும். சோதனைக்கூடத்தில் மரபணுவை வாசிக்கும் இயந்திரம் ஓடுகிறது. அதைப் பராமரிக்க உதவுகிறவர்களில் பலர் வீட்டில் மின்கம்பி இழுக்காதவர்கள்.

இரண்டாவது, மிச்சிகனைச் சேர்ந்த குயில்ட் கலைஞர் ஏமி சிம்ஸ் 2006-இல் தொடங்கிய அல்சைமர்ஸ் ஆர்ட் குயில்ட் இனிஷியேட்டிவ். அவருடைய தாயாருக்கு மறதிநோய். சிம்ஸ் போட்ட முக்கிய நிபந்தனை: குயில்ட் 9 அங்குலத்துக்கு 12 அங்குலத்தைத் தாண்டக்கூடாது. மடிக்காமல் ஒரு தபால் உறைக்குள் போக வேண்டும். இணையத்தில் மாதாமாதம் ஏலம். 2013 முடிவில் கடையைக் கட்டும்போது 11 லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்திருந்தது. அத்தனையும் ஆய்வுக்குப் போனது.

இதில் உள்ள சூட்சுமத்தைக் கவனிக்க வேண்டும். கட்டில் அளவுக் குயில்ட்டுக்கு 300 மணி நேரம். இந்தச் சின்னதை ஒரு வார இறுதியில் முடித்துவிடலாம். விலை பத்தில் ஒரு பங்கு வந்தாலே மணிக்கணக்கில் பார்த்தால் தைத்தவரின் நேரம் கூடுதல் பலன் தருகிறது. வாங்குபவருக்கும் சுவரில் மாட்ட இடம் கிடைக்கும். மூன்றாவது கட்டில் விரிப்பை வாங்கி எந்த அலமாரியில் அடைப்பது? குழந்தைப் புற்றுநோய்க்காகச் செப்டம்பர் மாதம் பொன்னிறத் துணி தேடி அலையும் தையல் சங்கங்கள் சிம்ஸின் உறையைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம். செப்டம்பர் அங்கே குழந்தைப் புற்றுநோய் விழிப்புணர்வு மாதம். பொன்னிறம் அதன் அடையாளம்.

வரிச்சட்டம் இந்தப் பெண்களை எப்படிப் பார்க்கிறது என்பது தனிக் கூத்து. அமெரிக்க வருமான வரி விதிப்படி, தான் தைத்த குயில்ட்டை அறக்கட்டளைக்குக் கொடுக்கிறவர் துணி, நூல், பஞ்சு வாங்கிய செலவுக்கு மட்டுமே விலக்குக் கேட்கலாம். உழைப்புக்கு மதிப்பு பூஜ்யம். ஏலம் எடுத்தவரோ, சந்தை மதிப்பைவிடக் கூடுதலாகக் கொடுத்த தொகைக்கு விலக்குப் பெறலாம். 1,000 டாலர் மதிப்புள்ளதை 1,500-க்கு எடுத்தால் 500 நன்கொடை. 700-க்கு எடுத்தால்? சட்டத்தின் கண்ணில் அவர் மலிவாகச் சாமான் வாங்கிய ஆள், அவ்வளவுதான். ஆக 300 மணி நேரம் ஒருத்தி உழைத்து, 700 டாலர் ஒருவர் கொடுத்து, அறக்கட்டளைக்குப் பணமும் போய்ச் சேர்ந்த பிறகு, துணிச் செலவைத் தவிர யாரும் எதையும் தானம் செய்யவில்லை என்று ஏடு சொல்லும்.

குலுக்கல் சீட்டு இதைவிட லாபமாயிற்றே என்று கேட்கலாம். ஒரு டாலர் சீட்டு ஆயிரக்கணக்கில் விற்றால் எந்த ஏலதாரரும் தராத தொகை வரும். பல சங்கங்கள் அப்படியும் செய்கின்றன. ஆனால் அது சூதாட்டச் சட்டத்துக்குள் வருகிறது. பல மாநிலங்களில் உரிமம் வேண்டும். யூட்டா, ஹவாயில் அறவே கூடாது. சீட்டு குலுக்கினால் குயில்ட், அதன் அருமை தெரியாத ஒருவரின் நாய்க்கூண்டுக்குப் போகவும் கூடும். ஏலத்தில் அந்தப் பயம் குறைவு.

இன்னொரு கேள்வி தையல்காரர்களுக்குள்ளேயே ஓடிக்கொண்டிருக்கிறது. குயில்ட்டை விற்றுக் காசாக்குவதா, நோயாளிக் குழந்தைக்கே போர்த்திவிடுவதா? இரண்டாவது கட்சிக்கு ‘புராஜெக்ட் லைனஸ்’ என்ற அமைப்பு இருக்கிறது. 1995 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் ‘பரேட்’ வார இதழில் ஒரு படம் வந்தது: ரத்தப் புற்றுநோய்க்குக் கீமோ எடுத்துக்கொண்டிருந்த சின்னப் பெண். கையில் விடாமல் பிடித்திருக்கும் போர்வைதான் தனக்குத் தெம்பு தந்தது என்று சொல்லியிருந்தாள். அதைப் படித்த கேரன் லூக்ஸ், டென்வர் நகரின் குழந்தைப் புற்றுநோய் மையத்துக்குக் கையால் செய்த போர்வைகளைக் கொடுக்கத் தொடங்கினார். கார்ட்டூனில் போர்வையை விடாத சிறுவன் லைனஸின் பெயரையே அமைப்புக்கு வைத்தார். இன்று அது நாடு முழுக்கக் கிளைவிட்டிருக்கிறது.

போர்த்துவதற்கும் நிபந்தனைகள் உண்டு. கீமோவில் இருக்கும் குழந்தைக்கு வெள்ளணுக்கள் சரிந்திருக்கும். எந்தத் தூசியும் ஆபத்து. போர்வை புதுத் துணியாக இருக்க வேண்டும். சிகரெட் புகை, பூனை முடி இருக்கக்கூடாது. வாந்தி படும், மருந்து சிந்தும். வெந்நீரில் மறுபடி மறுபடி துவைத்தாலும் தாங்க வேண்டும். கண்ணாடிச் சில்லும் மணியும் கோத்த கலைப்படைப்பு இங்கே உதவாது. ஏலத்தில் தோற்கும் எளிய ஒன்பது கட்டக் குயில்ட் இங்கே ஜெயிக்கும். இரண்டு வேலையும் செய்கிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டுதான் சரக்கைப் பிரிக்கிறார்கள்: பகட்டானது மேடைக்கு, பருத்தியானது கட்டிலுக்கு.

தைத்தவருக்கே காசு போன ஏலமும் ஒன்று உண்டு. 1965 டிசம்பரில் அலபாமாவின் கறுப்பின மக்கள் வாழும் ஒரு பகுதி வழியாகப் போன பாதிரியார் ஃபிரான்சிஸ் வால்டர், துணிக்கொடியில் தொங்கிய குயில்ட்டுகளைப் பார்த்தார். ஓட்டுரிமை கேட்டதற்காக வேலையும் வீடும் இழந்த குடும்பங்கள் அங்கே இருந்தன. ஒன்றுக்குப் பத்து டாலர் கொடுத்து வாங்கி, அடுத்த ஆண்டு நியூயார்க்கில் ஏலம் விட்டார். அதிலிருந்து ‘ஃப்ரீடம் குயில்ட்டிங் பீ’ என்ற கூட்டுறவு அமைப்பு எழுந்தது. தர்ம ஏலம் நடத்துகிறவர்கள் இதைப் பின்பற்ற வேண்டியதில்லை. ஆனால் துணிச் செலவையாவது திருப்பிக் கொடுத்து, மேடையில் எண்ணுக்கு முன் தைத்தவரின் பெயரைப் படித்தால் என்ன குறைந்துவிடும்? சில ஏலங்களில் பெயர் படிக்கிறார்கள். பலவற்றில் ‘சகோதரிகளின் கொடை’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள்.

கடைசியாக, திரண்ட பணம் எல்லை தாண்டுகிறதா என்ற கேள்வி. உலகில் ஆண்டுக்குச் சுமார் 4 லட்சம் குழந்தைகளுக்கும் பதின்வயதினருக்கும் புற்றுநோய் வருகிறது. வசதியான நாடுகளில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் குணமாகிறார்கள். ஏழை நாடுகளில் பலவற்றில் முப்பதுக்கும் குறைவு. நோய் ஒன்றுதான், மருந்தும் பெரும்பாலும் பழைய, மலிவான மருந்துதான். சுப்பாராவின் ஆய்வுக்கூடத்தில் பிறந்த மெத்தோட்ரெக்ஸேட் அதில் ஒன்று. அது தடையில்லாமல் கிடைப்பதில்லை என்பதுதான் சிக்கல். 2030-க்குள் உலக அளவில் நூற்றுக்கு 60 பேராவது பிழைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-இல் இலக்கு வைத்தது. 2021 டிசம்பரில் செயின்ட் ஜூட் மருத்துவமனை அந்த நிறுவனத்தோடு சேர்ந்து, ஏழை நாடுகளுக்குக் குழந்தைப் புற்றுநோய் மருந்தை இலவசமாகக் கொண்டுசேர்க்கும் திட்டத்தை 20 கோடி டாலரில் அறிவித்தது. முதல் சரக்கு மங்கோலியாவுக்கும் உஸ்பெகிஸ்தானுக்கும் 2025-இல் போய்ச் சேர்ந்திருக்கிறது. அந்த மருத்துவமனையின் வரவில் பெரும்பகுதி பொதுமக்கள் கொடுப்பது. அதற்குள் குயில்ட் விற்ற காசும் இருக்கிறது. எந்த டாலர் எந்த மாத்திரையாயிற்று என்று பிரித்துச் சொல்ல ஒரு கணக்குப்பிள்ளையாலும் முடியாது.